ஹீரோஸ் மொஹிந்தர் தமிழனா? ("புதுத் தொடர்கள் 2006: முதல் பார்வை" இழையிலிருந்து பிரிக்கப்பட்டது)

தேரடித்தெரு:
நட்சத்திரன் இந்த இலையுதிர்காலத்துப் புதுத் தொடர்களைப் பற்றி நீளமாக எழுதியிருக்கிறார். ஜெரிக்கோவுக்கு ஒரு பத்தி, ஸ்டுடியோ 60-க்கு ஒரு பத்தி, பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸை ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். அதெல்லாம் அவரவர் ரசனை, நான் தலையிடவில்லை. ஆனால் அமெரிக்காவின் என்பிசி சேனலில் திங்கட்கிழமை வரும் ஹீரோஸ், அதிமனித சக்தி உள்ளவர்களின் கதை, அதைப் பற்றிச் சொல்லும்போது இப்படி ஒரு வாக்கியம்: "அமெரிக்க பிரைம் டைமில் ஒரு தமிழன் நாயகனாக வந்துவிட்டான், நாம் கொண்டாட வேண்டாமா?"

எந்தத் தமிழன்? அதில் வரும் மெட்ராஸ் பேராசிரியர் மொஹிந்தர் சுரேஷா?

ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். திரையில் "மெட்ராஸ், இந்தியா" என்று எழுத்துப் போட்டுக் காட்டுகிறார்களே, அந்தக் காட்சிகளில் ஒரு தமிழ்ச் சொல் உண்டா? வகுப்பறையில் இல்லை. அப்பா நியூயார்க்கில் செத்துப்போனார் என்று சேதி வரும்போது இல்லை. அப்பாவின் வீட்டுக்குப் போய்க் காகிதங்களைக் கிளறும்போதும் இல்லை. ஒரு "ஐயோ" கூட இல்லை. அதே முதல் எபிசோடில் டோக்கியோ வருகிறது. ஹிரோ நகமுராவும் அவன் நண்பன் ஆண்டோவும் ஜப்பானிய மொழியில் சளசளவென்று பேசுகிறார்கள், கீழே ஆங்கிலத்தில் சப்டைட்டில் ஓடுகிறது. ஆக, என்பிசிக்கு சப்டைட்டில் போடத் தெரியும். மெட்ராஸுக்குப் போட மனம் வரவில்லை. இதைக் கொண்டாடச் சொல்கிறார் நட்சத்திரன்.

நட்சத்திரன்:
தேரடி சார், அத்தனை தொடர்களைப் பற்றி எழுதியதில் உங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதானா?

மெட்ராஸில் மரபணுவியல் பேராசிரியர் ஆங்கிலத்தில்தான் பாடம் நடத்துவார். அங்கே கல்லூரி வாசல் மிதித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கதையில் அவருக்கு என்ன இடம் என்று பாருங்கள். அப்பா சந்திரா சுரேஷ், விசேஷ சக்தி உள்ளவர்களைத் தேடி நியூயார்க் போகிறார், டாக்ஸி ஓட்டுகிறார், கொல்லப்படுகிறார். மகன் வேலையை விட்டுவிட்டு அதே ஊருக்குப் போய் அதே மாதிரி டாக்ஸி ஓட்டுகிறார். மற்ற எல்லாரையும் சேர்த்துக் கட்டும் கயிறு அவருடைய ஆராய்ச்சிதான். எபிசோடின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒலிக்கும் குரலும் அவருடையதுதான். ஒரு கோடியே நாற்பது லட்சம் பேருக்கு மேல் பார்த்த முதல் எபிசோடில், செந்தில் ராமமூர்த்தி என்ற பெயர் டைட்டிலில் வருகிறது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. உங்களுக்கு வயிறு எரிந்தால் நான் பொறுப்பல்ல.

தேரடித்தெரு:
செந்தில் நடிகருடைய பெயர். சிகாகோவில் பிறந்து சான் ஆன்டோனியோவில் வளர்ந்து லண்டனில் நடிப்புப் படித்தவர். நன்றாக நடிக்கிறார், நான் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் பேசுவது பாத்திரத்தைப் பற்றி. சந்திரா சுரேஷின் மகன் மொஹிந்தர் சுரேஷ் என்றால் சுரேஷ் என்பது குடும்பப் பெயரா? நம் வீடுகளில் எப்போது அப்படி வந்தது? அப்பா பெயர் சந்திரா என்றால் பையன் சி. மொஹிந்தராக அல்லவா இருக்க வேண்டும்? அதையும் விடுங்கள், மொஹிந்தர் என்று அமிர்தசரஸில் வைப்பார்கள், மயிலாப்பூரில் எந்த அப்பா வைத்தார்?

வகுப்பில் ஆங்கிலம் பேசுவதை நான் கேட்கவே இல்லை. வகுப்பு முடிந்த பிறகு? அப்பா செத்த சேதி வந்த பிறகு? ஒரு தமிழ்ச் சொல்? பதில் சொல்லாமல் டாக்ஸியில் ஏறி நியூயார்க் போய்விட்டீர்கள்.

கொங்குக்குருவி:
நீங்கள் இரண்டு பேரும் திங்கட்கிழமையிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள். செவ்வாய் இரவு ஃப்ரைடே நைட் லைட்ஸ் பார்த்த ஒருவர்கூட இங்கே இல்லையா? இந்த வருஷத்தின் மிகச் சிறந்த முதல் எபிசோட் அதுதான், சந்தேகமே வேண்டாம். டில்லன் என்று ஒரு சின்ன டெக்சஸ் ஊர், அந்த ஊருக்குப் பள்ளிக்கூடத்து அமெரிக்கக் கால்பந்தாட்டம்தான் எல்லாம். முதல் ஆட்டத்திலேயே ஜேசன் ஸ்ட்ரீட் அடிபட்டுக் கிடக்கிறான், பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாரசன் உள்ளே வருகிறான். கேமராவைக் கையில் பிடித்து எடுத்திருக்கிறார்கள், பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. கைல் சாண்ட்லர் கோச்சாக நடிக்கவே இல்லை, வாழ்கிறார். நான் டெக்சஸில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை ராத்திரி இங்கே ஊர் இப்படித்தான் இருக்கும். இதையெல்லாம் பேசாமல் சுரேஷ் அப்பா பெயரா தாத்தா பெயரா என்று அடித்துக்கொள்கிறீர்கள்.

நட்சத்திரன்:
குருவி, அதை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அந்தத் தொடருக்கு மூலமான புத்தகம் ஒடெஸ்ஸாவின் பெர்மியன் பள்ளியைப் பற்றியது, ஹீரோஸில் வரும் க்ளேர் பென்னட்டின் ஊரும் அதே ஒடெஸ்ஸா. ஆக, டெக்சஸ்காரர்களுக்கும் ஹீரோஸில் இடம் உண்டு.

தேரடி சார், இங்கே எல்லாருக்கும் நினைவிருக்கும், போன வருஷம் பிரிசன் பிரேக்கைப் பற்றி நீங்கள் என்ன எழுதினீர்கள்? "ஜெயிலை விட்டு வெளியே வந்தால் கதை முடிந்தது, கிறிஸ்துமஸோடு மூட்டை கட்டுவார்கள்." இப்போது இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது.

தேரடித்தெரு:
அதே போன வருஷம் த்ரெஷோல்டு அஞ்சு சீசன் ஓடும் என்று எழுதியது யார்? நவம்பரிலேயே இழுத்து மூடினார்கள். இன்வேஷன், சர்ஃபேஸ் இரண்டையும் "லாஸ்டுக்கு வாரிசு" என்றீர்கள், இரண்டும் ஒரே சீசனில் போய்ச் சேர்ந்தன. உங்கள் முதல் பார்வைக்கு உள்ள மதிப்பு அவ்வளவுதான்.

லாஸ்ட் பேச்சு வந்ததால் கேட்கிறேன். 2004-லிருந்து ஜின், சன் என்ற கொரியத் தம்பதி அதில் கொரிய மொழியில் பேசுகிறார்கள். ஏபிசி சப்டைட்டில் போட்டது, அமெரிக்கா முழுக்கப் பார்த்தது, யாரும் சேனலை மாற்றவில்லை. கொரியனுக்கு உண்டு, ஜப்பானியனுக்கு உண்டு. தமிழுக்கு ஒரு சொல்?

யாழ்வாணி:
ரொறொன்ரோவில இருந்து பாக்கிற எனக்கு மொஹிந்தரை விட முதல் எபிசோடில வாற அந்தக் கிரகணம்தான் பெரிய பிரச்சினை. நியூயோர்க்கில பகல்ல கிரகணம் தெரியுது, ரோக்கியோவில நிக்கிற ஹிரோவும் அதையே பாக்கிறான். ரெண்டு ஊருக்கும் இப்ப பதின்மூண்டு மணித்தியால வித்தியாசம். நியூயோர்க்கில மத்தியானம் எண்டா அங்க நடுச்சாமம். சூரிய கிரகணத்தை நடுச்சாமத்தில எப்பிடிப் பாக்கிறது? போன மாதம் 22-ம் திகதி உண்மையாவே ஒரு கிரகணம் வந்தது. அது வளையக் கிரகணம், வளையமாத் தெரிஞ்சது கயானா, சூரினாம் பக்கமும் அத்திலாந்திக் கடலிலயும்தான். கிரகணத்தின்ர பாதை எவ்வளவு ஒடுக்கம் எண்டு எழுதினவைக்குத் தெரியாதோ?

அதோட இன்னொண்டு. தமிழர் எண்டா மெட்ராஸ் மட்டுமோ? நீங்கள் ரெண்டு பேரும் மயிலாப்பூரை விட்டு வெளியால வாறதே இல்லை.

நட்சத்திரன்:
வாணி அக்கா, இது அதிமனித சக்தி பற்றிய கதை. ஒருவன் காலத்தை நிறுத்துகிறான், ஒருத்தி மாடியிலிருந்து விழுந்து எழுந்து நடக்கிறாள். அதை நம்புகிறவர்கள் கிரகணத்தையும் நம்பலாம்.

யாழ்வாணி:
காலத்தை நிப்பாட்டுறது கதை. பூமி உருண்டை எண்டது கதை இல்லை, தம்பி.

தேரடித்தெரு:
வாணி அக்கா சொல்வதும் நான் சொல்வதும் ஒன்றுதான். எழுதினவர்கள் அக்கறைப்படவில்லை. மரபணுவியல் பேராசிரியர் வகுப்பில் என்ன சொல்கிறார்? மனிதன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று. எந்த உயிரியல் பேராசிரியர் அந்தக் கட்டுக்கதையை வகுப்பில் சொல்வார்? கரப்பான்பூச்சி பற்றி அத்தனை வசனம் எழுத நேரம் இருந்தது. ஒரு தமிழ்ச் சொல் கேட்டு எழுத நேரம் இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இருந்துகொண்டு மெட்ராஸ் என்று எழுத்துப் போட்டால் மெட்ராஸ் ஆகிவிடுமா? அதுவும் பெயர் மாறிப் பத்து வருஷம் ஆன ஊருக்கு.

நட்சத்திரன்:
1857-ல் தொடங்கிய மெட்ராஸ் பல்கலைக்கழகம் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது. ஐஐடியும் மெட்ராஸ்தான். உயர் நீதிமன்றமும் மெட்ராஸ்தான். அங்கெல்லாம் போய்ச் சண்டை போடுங்கள், என்பிசியை விட்டுவிடுங்கள்.

கொரிய மொழி என்றீர்களே, ஜின்னாக நடிக்கும் டேனியல் டே கிம் லாஸ்டில் பேசும் கொரிய உச்சரிப்பைக் கொரியர்களே குறை சொன்னார்கள் என்று தெரியுமா? அமெரிக்காவில் வளர்ந்தவர், பாவம், மறந்துபோன மொழியைத் திரும்பப் பழகிப் பேசினார். செந்திலுக்கும் நாலு வரி தமிழ் கொடுத்திருந்தால், "இது என்ன தமிழ்?" என்று முதலில் இழை தொடங்கியிருப்பவர் நீங்கள்தான்.

தேரடித்தெரு:
ஆமாம், தொடங்கியிருப்பேன்! மாட்டேன் என்று யார் சொன்னது? குறை சொல்லவாவது கொரியர்களுக்கு அவர்கள் மொழி திரையில் கிடைத்தது. எனக்கும் கொச்சையாக, தப்பும் தவறுமாக ஒரு வரி கொடுங்கள், உட்கார்ந்து பிழை திருத்துகிறேன். அது கூட இல்லாத ஒன்றுக்கு நீங்கள் மாலை போடுகிறீர்கள். இந்த நாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் திங்கட்கிழமை ராத்திரி பார்க்கிறார்கள். டோக்கியோவில் ஜப்பானிய மொழி பேசுவார்கள், மெட்ராஸில் ஆங்கிலம் பேசுவார்கள் என்றுதான் அவர்கள் மனதில் பதியும். வீட்டில் தமிழ் பேசு என்று நாம் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

கொங்குக்குருவி:
பிள்ளைகளுக்கு ஹீரோஸ் காட்டுகிறீர்களா? முதல் எபிசோடிலேயே அந்தச் சமையலறைக் குப்பைக் குழாயில் கை போகிற காட்சி வருகிறதே. அதற்குப் பதில் ஃப்ரைடே நைட் லைட்ஸ் காட்டுங்கள், குடும்பம் என்றால் என்ன என்று தெரியும். இதை யாருமே பார்க்கவில்லையென்றால் தூக்கிவிடுவார்கள். எதிரில் ஏபிசியில் நடனப் போட்டி ஓடுகிறது, ஊரே அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.

தேரடித்தெரு:
என் பிள்ளைகளுக்கு நான் என்ன காட்டுகிறேன் என்பது உங்கள் கவலை இல்லை, குருவி. கேள்விக்கு வாருங்கள். ஒரு தமிழ்ச் சொல்?

கொங்குக்குருவி:
நானா எழுதினேன் அந்தத் தொடரை? என்னைக் கேட்டால்?

மட்டுறுத்துநர்:
மொஹிந்தர் பற்றிய பதிவுகளைத் தனி இழையாகப் பிரித்திருக்கிறேன். மற்ற தொடர்களைப் பழைய இழையில் பேசவும். குடும்பத்தை, பிள்ளைகளை இழுக்க வேண்டாம்.

நட்சத்திரன்:
பிரித்ததற்கு நன்றி. ஆனால் தலைப்பை இப்படி வைத்தது யார்? கேள்விக்குறி போட்டதும் தேரடி சார் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் எழுதியது முதல் பார்வை. இரண்டு எபிசோட்தான் வந்திருக்கிறது. இரண்டாவதிலேயே ஹிரோ நியூயார்க்கில் அடுத்த மாதத்து அழிவைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். கதை அசுர வேகத்தில் போகிறது. ஸ்டுடியோ 60 அதே சேனலில், அடுத்த மணி நேரத்தில், ஒரு காமெடி நிகழ்ச்சி எவ்வளவு முக்கியம் என்று நமக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருக்கிறது. எது நிற்கும் என்று பாருங்கள்.

யாழ்வாணி:
ஸ்டூடியோ 60-ஐத் தொட வேண்டாம். ஆரன் சோர்கின் எழுதினது. அவர் உருவாக்கின வெஸ்ட் விங் மே மாதம் முடிஞ்ச பிறகு எனக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்டுதான். ஜட் ஹிர்ஷ் நேரலையில எழும்பி நிண்டு தொலைக்காட்சியைப் பற்றி வெடிக்கிற அந்தத் தொடக்கத்துக்கு, உங்கட ஹீரோஸில ஈடா ஒரு காட்சி காட்டுங்கோ.

நட்சத்திரன்:
தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. முதல் வாரம் ஒரு கோடியே முப்பது லட்சம் பேர், அடுத்த வாரமே சரிவு. மக்கள் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள், அக்கா.

யாழ்வாணி:
ஆக்கள் பாக்கிற கணக்கை வைச்சுத் தரம் பாக்கிறீரோ? அப்ப அந்த நடனப் போட்டிதான் உலகத்திலயே திறம்.

தேரடித்தெரு:
நட்சத்திரனுக்கு எண்ணிக்கைதான் சாட்சி. ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள், சரி. அத்தனை பேரும் மெட்ராஸைப் பார்த்தார்கள். அத்தனை பேர் காதிலும் தமிழ் விழவில்லை. எண்ணிக்கை கூடக்கூட என் வருத்தம்தான் கூடுகிறது.

நட்சத்திரன்:
மொஹிந்தர் பஞ்சாபி என்று நீங்களே மேலே சொன்னீர்கள். பஞ்சாபி ஏன் தமிழ் பேச வேண்டும்? சௌகார்பேட்டையில் வடநாட்டுக் குடும்பங்கள் இல்லையா?

தேரடித்தெரு:
அப்படியானால் "ஒரு தமிழன் நாயகனாக வந்துவிட்டான்" என்று ஏன் எழுதினீர்கள்? ஒன்று அந்த வரியை எடுங்கள், இல்லையென்றால் அவன் பேசிய ஒரு தமிழ்ச் சொல்லைக் காட்டுங்கள்.

நட்சத்திரன்:
எடுக்க மாட்டேன்.

கொங்குக்குருவி:
சிபிஎஸ் ஸ்மித் தொடரைத் தூக்கிவிட்டது, பார்த்தீர்களா? ரே லியோட்டா நடித்தது, மூன்றே எபிசோட். அடுத்தது எங்கள் டில்லன்தானோ என்று பயமாக இருக்கிறது. தயவுசெய்து வரும் செவ்வாய் எட்டு மணிக்கு எல்லாரும் போடுங்கள்.

தேரடித்தெரு:
செவ்வாய் இருக்கட்டும். திங்கள் ஒன்பது மணிக்கு மூன்றாவது எபிசோட், நான் உட்கார்ந்து கேட்கத்தான் போகிறேன்.

நட்சத்திரன்:
அதில் மொஹிந்தர் நியூயார்க்கில் இருக்கிறார், சார். அங்கேயும் தமிழ் பேசவில்லை என்று இன்னொரு இழை தொடங்குவீர்களா?

தேரடித்தெரு:
தொடங்குவேன்.