கிளைக்கும் சூரியகாந்தி கடற்கரை மணலில் வருமா?

உச்சிப்புளி பக்கம் வீடு. கார்த்திகையில் பன்னிரண்டு விதை ஊன்றினேன். மழைத்தண்ணீர் நின்று ஐந்து அழுகிப் போனது. முளைத்ததில் நாலை மயில் கொத்திவிட்டது. மிச்சம் மூன்றும் நெஞ்சு உயரம் வளர்ந்து ஆளுக்கு ஒரே பூ! எனக்கு மேசைக்கு வெட்டவும் வேண்டும், தேனீயும் வர வேண்டும். பேராசையா?

பதில்:
பேராசை இல்லை அக்கா, ரகம்தான் தப்பு. எண்ணெய்க்குப் போடுவது ஒற்றைத் தண்டு, ஒரே பூ. கிளைக்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். மகரந்தம் இல்லாத ரகம் மேசைவிரிப்பைக் கறையாக்காது, ஆனால் தேனீக்குத் தேன் மட்டும்தான் கிடைக்கும். உங்களுக்கு அது வேண்டாம். தை பிறந்து மழை விட்டதும் ஒரு அங்குல ஆழத்தில் நேரடியாக ஊன்றுங்கள், ஒன்றரை அடி இடைவெளி. பிடுங்கி நட்டால் வேர் அறுந்து சுணங்கும். நடுப்பூவை முதலில் வெட்டிவிடுங்கள், பக்கக் கிளைகள் வேகம் பிடிக்கும். இதழ் லேசாக நிமிரும்போதே, வெயிலுக்கு முன் வெட்ட வேண்டும். முழுக்க விரிந்ததைத் தேனீக்கு விட்டுவிடுங்கள்.

இன்னொரு பதில்:
மயில் கொத்தாமல் இருக்க, அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலை முளை மேல் கவிழ்த்து வையுங்கள், மூடியைக் கழற்றிவிட்டு. நான் மூடியோடு வைத்து அவித்தே விட்டேன்.

கேட்டவர்:
சரி, பாட்டில் சேர்க்கிறேன். கிணற்றுத் தண்ணீர் லேசாக உப்பு, பரவாயில்லையா?

பதில்:
லேசான உப்பைத் தாங்கும். இலையில் படாமல் தூரில் ஊற்றுங்கள்.