ரோஷ் ஹஷானா தேன் குக்கீக்கு வெண்ணெய் போடலாமா?

கேள்வி:
நியூ ஜெர்சில இருக்கோம், பக்கத்து வீட்ல யூதக் குடும்பம், அவங்க புது வருஷம் ரோஷ் ஹஷானா வருது, முறைப்படி தேன் குக்கீ செஞ்சு குடுக்கணும்னு ரொம்ப ஆசை. வெண்ணெய் போடலாமா, வால்நட்?

பதில் 1:
வெண்ணெய் வேணாங்க. கோஷர், அதாவது யூத மத உணவு விதி பாக்குறவங்க இறைச்சியோட பால் ஐட்டம் எதுவும் சேத்து சாப்பிட மாட்டாங்க, பண்டிகை விருந்துல பெரும்பாலும் கறி இருக்கும், அதான் எண்ணெய். 2½ கப் மைதா, எண்ணெய், தேன், சர்க்கரை தலா அரை கப், 1 முட்டை, 1 டீஸ்பூன் பேக்கிங் சோடா, பட்டை, சுக்கு, கிராம்புப் பொடி. நெல்லிக்காய் சைஸ்ல உருட்டி 175 டிகிரி செல்சியஸ்ல 10 நிமிஷம். தேன் சீக்கிரம் கருகும், மெத்துனு இருக்கும்போதே எடுத்துடுங்க, ஆறுனா இறுகிடும்.

பதில் 2:
வால்நட் வேணாம், அஷ்கெனாசி யூதர்கள் (மத்திய, கிழக்கு ஐரோப்பா வழி வந்தவங்க) நிறைய பேர் அந்த நாள்ல கொட்டை வகைய தவிர்ப்பாங்க. அதவிட முக்கியம், கண்டிப்பா கோஷர் பாக்குறவங்கன்னா நம்ம அடுப்புல செஞ்சத சாப்பிட முடியாது, முதல்ல கேட்டுக்கோங்க. அப்படிப்பட்டவங்கன்னா கோஷர் முத்திரை போட்ட தேன் பாட்டில் குடுங்க, வருஷம் இனிப்பா இருக்கணும்னு ஆப்பிள தேன்ல தொட்டு சாப்பிடுவாங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, நாளைக்கே அந்த அக்காட்ட கேக்குறேன்.