தரகருக்கு எவ்வளவு கொடுப்பது முறை? தக்கலைப் பக்கத்தினர் சொல்லுங்கள்

தக்கலை அருகே 7 சென்ட் வீட்டு மனை வாங்குகிறோம். சென்ட் ஐந்தரை லட்சம் வீதம் மொத்தம் 38.5 லட்சம். முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அடுத்த வாரம் பத்திரப்பதிவு. இப்போது தரகர் 2 சதவீதம் கேட்கிறார், அதாவது 77,000 ரூபாய்.

கோடையில் அவர் எங்களுக்கு வேறு மனைகளைக் காட்டினார். ஒன்றும் ஒத்துவரவில்லை. திரும்பும் வழியில் இந்த மனையைக் காரில் இருந்தபடியே கைநீட்டி, "இதுவும் விலைக்கு வரும்" என்றார். அவ்வளவுதான். உரிமையாளர் என் அம்மாவுக்குத் தெரிந்த குடும்பம் என்பது பிறகுதான் தெரிந்தது. விலை பேசியது, வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்த்தது, அளந்து கல் போட்டது எல்லாம் நாங்களே. தரகரிடம் விற்கச் சொல்லவே இல்லை என்கிறார் உரிமையாளர். எழுத்தில் எந்த ஒப்பந்தமும் இல்லை.

அலைச்சலுக்காக 20,000 தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார். உரிமையாளரைப் பாதி ஏற்கச் சொன்னேன், முடியாது என்றுவிட்டார். பத்திரம் எழுதுபவரோ சிரித்துக்கொண்டே நழுவுகிறார். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் ஏற்கெனவே போகிறது. தரகரை வெறுங்கையோடு அனுப்பும் எண்ணம் இல்லை, மனிதர் எங்கள் ஊர்க்காரர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். அதற்காக விரல் நீட்டியதற்கு முழுத் தரகா?

மனையைச் சுட்டிக்காட்டியதோடு சரி, பேரத்தில் பங்கே இல்லை என்னும்போது நம் பகுதியில் தரகருக்கு எவ்வளவு கொடுப்பது வழக்கம்?