ஆக்டேவ்: சைன், கோசைன், டேன் மூன்றையும் ஒரே வரைபடத்தில் வரைந்தால் முதலிரண்டும் தட்டையாகத் தெரிகின்றன

வினா:
வணக்கம். முக்கோணவியல் சார்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக சைன், கோசைன், டேன் மூன்றையும் குனூ ஆக்டேவ் என்னும் கணக்கீட்டு மென்பொருளில் ஒரே வரைபடத்தில் வரைகிறேன். லின்ஸ்பேஸ் கட்டளையால் -2பை முதல் 2பை வரை 1000 புள்ளிகளை எடுத்துக்கொண்டு, முதல் வளைவரையை வரைந்ததும் அது அழியாதிருக்க ஹோல்ட் ஆன் கொடுத்து, மற்ற இரண்டையும் பிளாட் கட்டளையால் சேர்த்தேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆயினும் சைனும் கோசைனும் எக்ஸ் அச்சோடு ஒட்டிய நேர்கோடுபோல் கிடக்கின்றன; டேன் நான்கு இடங்களில் செங்குத்துக் கோடாக ஓங்கி நிற்கிறது. பாடநூல் படத்தில் அக்கோடுகள் இல்லையே, இவை எங்கிருந்து வருகின்றன?

பதில் 1:
உங்கள் கட்டளைகள் சரியானவை. ஒய் அச்சின் எல்லையை ஆக்டேவ் தானாகத் தேர்ந்தெடுக்கும்போது, மூன்று சார்புகளிலும் உள்ள மிகப் பெரிய மதிப்பையும் மிகச் சிறிய மதிப்பையும் உள்ளடக்கப் பார்க்கிறது. நீங்கள் எடுத்த புள்ளிகளில் டேனின் மதிப்பு ஏறத்தாழ -636 முதல் 636 வரை செல்வதால், -1க்கும் 1க்கும் இடையே அசையும் சைனுக்கு அந்த அளவில் உயரமே இராது. மூன்றையும் வரைந்த பின் ஒய்லிம் கட்டளையில் -3, 3 என்று எல்லை கொடுங்கள்.

செங்குத்துக் கோடுகள் டேனின் பகுதி அல்ல. மென்பொருளுக்குச் சார்பு தெரியாது, புள்ளிகள் மட்டுமே தெரியும். பை/2க்குச் சற்று முன்னுள்ள பெரிய நேர்மதிப்பையும் சற்றுப் பின்னுள்ள பெரிய எதிர்மதிப்பையும் அது நேர்கோட்டால் இணைத்துவிடுகிறது. அந்த 636கூடப் புள்ளிகள் தற்செயலாக எங்கே விழுந்தன என்பதைப் பொறுத்ததே. புள்ளிகளின் எண்ணிக்கையை மாற்றினால் அதுவும் மாறும். டேனின் மதிப்பு அளவுகடந்து போகும் இடங்களில் நேன் (NaN, ‘எண் அல்ல’ என்னும் குறி) என்று இட்டால், அங்கே கோடு அறுபடும்.

வினா எழுப்பியவர்:
மிக்க நன்றி. எல்லையை மாற்றியதும் மூன்றும் தெளிவாகத் தெரிகின்றன. தனிமதிப்பு 500ஐத் தாண்டும் இடங்களில் நேன் இட்டேன். -3பை/2, 3பை/2 ஆகிய இடங்களில் கோடு மறைந்தது. ஆனால் -பை/2, பை/2 ஆகிய இரண்டிலும் அப்படியே நிற்கிறது. ஒரே விதி இருவேறு விளைவு தருவது ஏன்?

பதில் 2:
அடுத்தடுத்த புள்ளிகளின் இடைவெளி உங்களுக்கு ஏறத்தாழ 0.0126 ரேடியன். 3பை/2க்கு மிக அருகிலுள்ள புள்ளி அதிலிருந்து 0.0016 தொலைவில் விழுவதால் அங்கே மதிப்பு 636 ஆகிறது. பை/2க்கு மிக அருகிலுள்ள புள்ளியோ 0.0047 தொலைவில் இருப்பதால் மதிப்பு 212ஐத் தாண்டுவதில்லை. ஆகவே 500 என்னும் வரம்பில் அங்கே எந்தப் புள்ளியும் நீங்கவில்லை. எதிர்ப்புறத்திலும் இதே நிலைதான்.

வரம்பை 10 ஆகக் குறைத்தாலே போதும். எனினும், கோசைனின் தனிமதிப்பு 0.05க்குக் குறையும் இடங்களில் டேனுக்கு நேன் இடுவதையே நான் விரும்புவேன். டேன் வரையறுக்கப்படாததற்குக் காரணம் கோசைன் சுழியமாவதே என்பதால், விதி அக்காரணத்தையே நேராகத் தொடுகிறது. இவ்விதி ஒவ்வொரு இடத்திலும் ஏறத்தாழ 0.1 ரேடியன் அகலத்தை நீக்குகிறது. உங்கள் இடைவெளி அதைவிட மிகச் சிறியது. எனவே புள்ளிகள் எப்படி விழுந்தாலும் நான்கு இடங்களிலும் கோடு அறுபடும். புள்ளிகளை 100 ஆகக் குறைத்தால் மட்டும் இந்த உறுதி இராது, ஏனெனில் அப்போது இடைவெளியே 0.127 ஆகிவிடும்.

எந்த வளைவரை எது என்று காட்டும் லெஜண்ட் கட்டளையைச் சேர்த்தால், அதில் பெயர்களை வரைந்த வரிசையிலேயே கொடுங்கள்.