மறு: ‘ரிமோட் வியூயிங்’ குழு நடைமுறைக்கான சொற்கள் – சேய்மை நோக்கல், ஊகமூட்டம்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம்.

ரிமோட் வியூயிங், அதாவது தொலைவிலோ உறைக்குள்ளோ மறைந்திருக்கும் ஓர் இலக்கைப் புலன்களின் துணையின்றி மனத்தால் உணர்ந்து விவரிக்க முயல்வது, பயிலும் ஒரு குழுவுக்கான நடைமுறைக் கையேட்டைத் தமிழில் எழுதவிருக்கும் நண்பர் இந்த இழையைத் தொடங்கியதும் ‘ஞானதிருஷ்டி’, ‘தொலைநோக்கு’, ‘தொலைக்காண்டல்’ என்ற மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டன. மூன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை. ‘தொலைநோக்கு’ என்பதை அரசின் திட்ட அறிக்கைகள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன. ‘தொலைநோக்குக் குழு’ என்று கையேட்டின் அட்டையில் அச்சிட்டால் அதைத் திட்டக் குழுவின் ஆவணம் என்றுதான் எவரும் நினைப்பார். ‘ஞானதிருஷ்டி’ என்பது தவத்தால் கைகூடியதாகச் சொல்லப்படும் பேறு. பயிற்சிக்கு வந்த முதல் நாளில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவரின் முயற்சிக்கு அது பொருந்தாது.

‘தொலைக்காண்டல்’ அவ்வளவு எளிதில் தள்ளக்கூடிய சொல் அன்று. ஆயினும் அதன் வினையடியில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாவியைத் தொலைத்தவர், ‘எல்லா இடத்திலும் பார்த்தேன், காணோம்’ என்கிறார். பார்ப்பது முயற்சி, காண்பது அந்த முயற்சியின் பேறு என்ற வேறுபாட்டை நாம் அன்றாடம் பிசகாமல் கையாள்கிறோம். அளவையியலிலும் காண்டல் என்பது மெய்யறிவுக்கான வழிகளில் ஒன்று. கருதல் அதற்கு அடுத்து வைத்து எண்ணப்படுவது. ஆகவே ‘தொலைக்காண்டல்’ என்று பெயரிட்ட கணமே, தொலைவில் உள்ளதை அவர் கண்டுவிட்டார் என்று நாம் சான்றளித்துவிடுகிறோம். அந்தச் சான்றிதழை வழங்குவது கலைச்சொல்லின் வேலை அன்று.

இப்பெயர் பிறந்த விதமும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. 1970களில் கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தில் இயற்பியலாளர்கள் ஹரால்ட் புத்தாஃப், ரஸ்ஸல் டார்க் ஆகியோரும் ஓவியர் இங்கோ ஸ்வானும் இதில் ஈடுபட்டபோது, ‘கிளேர்வாயன்ஸ்’ (புலனுக்கு எட்டாததை அறியும் ஆற்றல்) என்ற பழைய சொல்லோடு ஒட்டியிருந்த மாய வாடை வேண்டாம் என்றுதான் சார்பற்ற ஒரு பெயரைக் கையாண்டார்கள். பின்னர் மேரிலாந்தின் ஃபோர்ட் மீடில் ராணுவப் பிரிவொன்று இதை உளவுக்குப் பயன்படுத்த முயன்றது. 1995இல் நடந்த மதிப்பீட்டில் புள்ளியியலாளர் ஜெசிகா அட்ஸ், ஆய்வகச் சோதனைகளின் முடிவுகள் தற்செயலை மீறியவை என்றார். உளவியலாளர் ரே ஹைமன் அம்முடிவை ஏற்கவில்லை. உளவுப் பணிக்குப் பயன்படவில்லை என்று திட்டம் அவ்வாண்டே மூடப்பட்டது. மதிப்பிட வந்த இருவரே உடன்படாத ஒன்றை நம் சொல் தீர்த்துவைக்கக் கூடாது. எனவே முயற்சியை மட்டும் குறிக்கும் ‘நோக்கு’ என்ற வினையடியைக் கொண்டு சேய்மை நோக்கல் என்றும், அதைச் செய்பவரை நோக்கர் என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. ‘சேய்மைச் சுட்டு’ பள்ளி இலக்கணத்தில் படித்ததுதான் என்பதால் முதற்சொல் எவருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

குழுவில் நோக்கரைத் தவிர மேலும் மூவருக்குப் பெயர் வேண்டும். இலக்கைத் தேர்ந்து உறையிலிட்டு அதற்கொரு எண் தருபவரை ‘இலக்கு வகுப்பவர்’ எனலாம். அந்த எண் ‘சுட்டெண்’. அமர்வின்போது எதிரில் அமர்ந்து கேள்வி கேட்டு, நேரம் குறித்து, நோக்கர் தடுமாறும்போது நெறிப்படுத்துபவருக்கு ‘கண்காணிப்பாளர்’ என்ற பரிந்துரை வந்தது. அது தேர்வறையை நினைவூட்டுகிறது. ‘உடனமர்வர்’ என்பதே அவர் செய்வதைச் சொல்கிறது. அமர்வுப் பதிவைப் பல இலக்குகளோடு வைத்துப் பார்த்து, எது பொருந்துகிறது என்று வரிசைப்படுத்துபவருக்கு அச்சகத்தார் நெடுங்காலமாகப் புழங்கும் ‘ஒப்புநோக்குநர்’ அப்படியே உதவும்.

நடைமுறையின் உயிரே அடங்கியிருக்கும் சொல் ஒன்றுக்கு வருகிறேன். நோக்கருக்கும் உடனமர்வருக்கும் இலக்கு தெரியாதிருக்கும் ஏற்பாட்டை ‘இரட்டைக் குருட்டு முறை’ என்று எழுதியிருந்த நண்பரை மறுபரிசீலனை செய்யுமாறு வேண்டுகிறேன். பார்வையற்றோரைப் புண்படுத்தும் சொல் என்பது முதற்காரணம். குருட்டாம்போக்கு, குருட்டு அதிர்ஷ்டம் என்றெல்லாம் தமிழில் இச்சொல் சுமக்கும் பொருள், மிகுந்த கவனத்தோடு வகுக்கப்பட்ட ஓர் ஏற்பாட்டுக்கு நேர் எதிரானது என்பது இரண்டாவது காரணம். மறைப்பு என்பதே போதும்: நோக்கருக்கு மட்டும் இலக்கு தெரியாதபோது ஒருபுற மறைப்பு, உடனமர்வருக்கும் தெரியாதபோது இருபுற மறைப்பு.

இச்சொற்கள் வாயில் வருகின்றனவா என்று பார்க்க, சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகளை எதிரில் அமரவைத்து ஓர் அமர்வு நடத்தினேன். பழைய நாட்காட்டிப் படமொன்றை அவளே தேர்ந்து பழுப்பு உறையிலிட்டு ஒட்டிவைத்திருந்தாள். நான் ‘மேடு’ என்றேன், ‘வெயில்’ என்றேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ‘ஈரம்’ என்றதும் அவள் பேனா நின்றது. நிமிரவில்லை, எதுவும் பேசவில்லை. ஆனால் பேனா நின்றதை நான் பார்த்துவிட்டேன், அடுத்த ஐந்து நிமிடமும் தண்ணீரைப் பற்றியே சொன்னேன். உறைக்குள் இருந்தது அருவி. இதற்குத்தான் வினாத்தாள் கசிவு என்ற வழக்கையொட்டி துப்புக் கசிவு என்ற சொல் வேண்டும் என்கிறேன். அறிந்தே முன்கூட்டிச் சொல்லப்படும் தகவல் ‘முன்துப்பு’. அறியாமல் ஒழுகுவது கசிவு.

இக்கசிவு அமர்வு முடிந்த பின்னும் நிகழலாம். ஸ்டான்ஃபோர்ட் சோதனைகளின் பதிவுகளை ஆராய்ந்த உளவியலாளர்கள் டேவிட் மார்க்ஸும் ரிச்சர்ட் கம்மனும், முந்தைய நாள் இலக்குகளைப் பற்றிய பேச்சு போன்ற குறிப்புகள் அவற்றில் நீக்கப்படாமல் இருந்ததையும், இடத்தைப் பற்றிய வருணனை இல்லாமலேயே எந்தப் பதிவு எந்த இலக்குக்கு உரியது என்று அவற்றைக்கொண்டு ஊகிக்க முடிந்ததையும் 1978இல் எடுத்துக்காட்டினார்கள். ஆகவே ஒப்புநோக்குநரிடம் போகும் முன் பதிவிலிருந்து தேதி, வரிசை, பிற அமர்வுகளின் குறிப்பு ஆகியவற்றை நீக்கும் பணிக்குக் கையேட்டில் தனித் தலைப்பு வேண்டும். ‘பதிவு களைதல்’ என்று வைக்கலாம். வயலில் களை எடுப்பதைப் போன்ற பொறுமை அதற்குத் தேவைப்படுகிறது.

இனி, இந்த இழையில் யாரும் தொடாத ‘அனலிட்டிகல் ஓவர்லே’. ஸ்வான் வகுத்த முறையில், நோக்கரின் மனம் தனக்கு வரும் சிதறலான மனப்பதிவுகளுக்கு அவசரப்பட்டு ஒரு பெயர் சூட்டிவிடுவதை இது குறிக்கிறது. ‘சொரசொரப்பு, குளிர், உயரம், காற்று’ என்று இடப்பக்கம் எழுதிக்கொண்டு வந்தவருக்குத் திடீரென்று ‘கலங்கரை விளக்கம்!’ என்று தோன்றுகிறது. அதன்பின் அவர் எழுதுவதெல்லாம் கலங்கரை விளக்கத்துக்கு உரியவையாகவே இருக்கும். எனவே அது தோன்றிய உடனே தாளின் வலப்பக்கம் குறித்துவிட்டு, பேனாவைக் கீழே வைத்து, சற்று நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும் என்பது விதி. இதைச் சொல்லுக்குச் சொல் ‘பகுப்பாய்வு மேலடுக்கு’ என்று பெயர்த்தால் பொருள் கெடும். தமிழில் பகுப்பாய்வு என்பது நிதானமாகச் செய்யும் நல்ல காரியம். இங்கே நடப்பதோ பகுக்காமலேயே முடிவுக்குத் தாவுவது. நான் ஊகமூட்டம் என்கிறேன். மேகமூட்டம் மலையை இல்லாமல் செய்வதில்லை, பார்வையிலிருந்து மறைக்கிறது. மூட்டம் கலையவும் செய்யும். பேனாவைக் கீழே வைக்கும் அந்த நிறுத்தத்துக்கு ‘மூட்டம் கலைத்தல்’ என்ற பெயரும் இதிலிருந்தே கிடைத்துவிடுகிறது. உடனமர்வர் ‘மூட்டம்’ என்று ஒரே சொல்லில் நினைவூட்டவும் முடியும்; எங்கள் வீட்டு அமர்வில் என் மகள் இரண்டு முறை அப்படிச் சொன்னாள், இரண்டு முறையும் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

‘ஃபீட்பேக்’ என்பதற்குப் ‘பின்னூட்டம்’ இணையத்தில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. அமர்வின் முடிவில் உறையைப் பிரித்து நோக்கருக்குக் காண்பிக்கும் செயலை ‘இலக்கு காட்டல்’ என்றே எழுதலாம். நோக்கர் உண்மையில் காண்பது அப்போதுதான் என்பதால் காண் என்ற வினை இங்கே தன் இடத்தில் வந்து அமர்கிறது.

எனக்கு முடிவு கிடைக்காத சொல் ‘ஐடியோகிராம்’. சுட்டெண்ணை எழுதிய மறுகணம் கை தன்போக்கில் இடும் சிறு கோடு அது. மொழியியலில் இதே பெயருக்கு வழங்கும் ‘கருத்தெழுத்து’ இங்கே உதவாது, ஏனெனில் இக்கோட்டில் கருத்து இன்னும் நுழையவில்லை. ‘கீறல்’ என்றால் சேதம்போல் ஒலிக்கிறது. ‘முதற்கீற்று’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒளிக்கீற்று என்ற நினைவால் அச்சொல்லும் பலனை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறதோ என்று அஞ்சுகிறேன். ஓவியம் பயின்றவர்கள், கோலம் போடும்போது கை முதலில் இழுக்கும் இழைக்கு வீட்டில் ஏதேனும் பெயர் கேட்டவர்கள் நம்மிடையே இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.