"நேத்து என்ன சாப்பிட்டீங்க?": கர்ப்ப காலத்தில் நாம் சொன்ன பதிலும் உண்மையில் சாப்பிட்டதும்

பெரம்பூர், எட்டு மாதக் குழந்தையின் அம்மா:

எடை அதிகமாக இருக்கும்போது கர்ப்பமாகி, ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுப் படிவம் நிரப்பியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

என் உயரம் 156 செ.மீ. பதிவு செய்த அன்று எடை 84 கிலோ, பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 34.5. பிரசவம் வரை மொத்தமே 5 முதல் 9 கிலோ ஏறினால் போதும் என்று டாக்டர் அன்றே சொல்லிவிட்டார். ஆறாவது மாதம் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை 140-ஐத் தாண்டிவிட்டது, கர்ப்பகாலச் சர்க்கரை நோய் என்றார்கள். அங்கிருந்து டயட்டீஷியனிடம் அனுப்பினார்கள்.

தனி அறை கிடையாது, ஒரு திரைதான். அந்தப் பக்கம் பிபி பார்க்க வரிசை. இந்தப் பக்கம் மேஜையும் இரண்டு நாற்காலிகளும். மாமியார் என் தோள் பக்கம் நின்றிருந்தார். "நேத்து காலையிலேர்ந்து என்னென்ன சாப்பிட்டீங்க?" என்று டயட்டீஷியன் கேட்டார். காபி ஒரு டம்ளர், இட்லி மூன்று, மதியம் ஒரு கப் சாதம், சாம்பார், பீன்ஸ் பொரியல், மாலையில் டீ, ராத்திரி தோசை இரண்டு. நாலு நிமிடத்தில் முடிந்தது. 1,250 கலோரி என்று எழுதினார்கள். ஆனால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் எடை 3 கிலோ ஏறியிருந்தது. இரண்டு கணக்கையும் பார்த்துவிட்டு, "பொய் சொன்னா நஷ்டம் உங்களுக்குத்தான்" என்றார் டயட்டீஷியன். வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்புறம் யோசித்தேன், நான் பொய் சொன்னேனா?

ஒன்றே ஒன்றைத் தெரிந்தே மறைத்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பசியில் எழுந்து சமையலறையில் நின்றபடியே ஐந்தாறு பிஸ்கட் சாப்பிடுவேன். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது அதை எப்படிச் சொல்வது? மற்றதெல்லாம் எனக்கே தெரியாமல் விட்டுப்போனது. மூத்தவனுக்கு நாலு வயது. அவன் தட்டில் மிச்சம் வைக்கும் அரை இட்லி, கால் தோசை, நெய் போட்டுப் பிசைந்த பருப்பு சாதம் எல்லாம் என் வாய்க்குத்தான் வரும். அதை நான் சாப்பாடாகவே நினைத்ததில்லை, தட்டைக் காலி செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். "ஒரு கப் சாதம்" என்றேனே, அது எந்தக் கப்? எங்கள் வீட்டில் சாதம் போடக் கப்பே கிடையாது, அன்னக்கரண்டிதான். ஒரு கப்பா என்று அவர் கேட்டார், ஆமாம் என்றேன்.

எண்ணெயைப் பற்றி அவர் கேட்கவே இல்லை, நானும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் நாலு பேர், மாதம் 5 லிட்டர் ஆகிறது. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒருவருக்கு நாளைக்கு 40 மில்லிக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 340 கலோரி. கர்ப்பிணிகள் நாளைக்கு 350 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்கிறது. அதற்கு ஈடான அளவு எண்ணெயிலேயே போயிருக்கிறது, அது அந்தத் தாளில் ஒரு வரியாகக்கூட இல்லை.

அண்ணா நகர், டயட்டீஷியன்:

தோழி, உங்களிடம் அப்படிப் பேசியது தவறு. எங்கள் தொழிலில் இருப்பவள் என்ற முறையில் வருத்தப்படுகிறேன்.

சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது எல்லா எடைக்காரர்களிடமும் உண்டு, எடை கூடக்கூட அது கூடுகிறது. இது வெறும் ஊகம் இல்லை. தண்ணீரில் இருக்கும் ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் பதிலாக அவற்றின் கனமான வகைகளைச் சேர்த்துக் குடிக்கவைத்து, ஒன்றிரண்டு வாரம் சிறுநீரில் அவை எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று பார்ப்பார்கள். உடல் உண்மையில் செலவழித்த கலோரி அதில் தெரிந்துவிடும். கதிர்வீச்சு இல்லாததால் கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். படிவத்தில் வந்த கணக்கை இதோடு ஒப்பிட்டபோதுதான் இடைவெளி தெரிந்தது.

ஆனால் கர்ப்பத்தில் அந்த ஒப்பீடும் நேராக வராது. சாப்பிடுவதில் ஒரு பங்கு செலவாகாமல் குழந்தையாகவும் நஞ்சுக்கொடியாகவும் கொழுப்பாகவும் சேர்கிறது. அதேபோல் மாதம் 3 கிலோ ஏறியது முழுக்கச் சாப்பாடு என்றும் சொல்ல முடியாது. காலில் நீர் கோத்திருந்ததா என்று பார்த்தார்களா? எடை மெஷினை வைத்து ஒருவரைப் பொய்யர் என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன், அதில் எனக்குக் கோபமே வரும். குண்டாக இருந்தால் சொன்ன கணக்கில் கால் பங்கு கூட்டிப் போட்டுவிடுவது. எல்லா உணவையும் ஒரே மாதிரியா குறைத்துச் சொல்கிறோம்? விட்டுப்போவது பெரும்பாலும் பிஸ்கட், மிக்சர், இனிப்பு, எண்ணெய். கீரையும் பழமும் கூடுதலாகவே வந்து விழும், நல்ல பதில் சொல்ல வேண்டும் என்ற ஆசையில். மொத்தத்தையும் பெருக்கினால், சாப்பிடாத கீரையின் இரும்புச் சத்தும் தாளில் ஏறிவிடும். கணக்கில் எல்லாம் போதுமானதாகத் தெரியும், அந்தப் பெண்ணின் ஹீமோகுளோபின் 9-லேயே நிற்கும்.

நான் கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். கூட வந்தவரை வெளியே டீ குடிக்க அனுப்பிவிடுவேன். முதலில் அந்தப் பெண் சொல்வதைக் குறுக்கே பேசாமல் எழுதுவேன். அப்புறம் மறந்ததைக் கேட்பேன். "சமைக்கும்போது ருசி பார்த்தது? பிள்ளை மிச்சம் வைத்தது? ராத்திரி எத்தனை மணிக்குப் பசிக்கிறது?" பசிக்கிறதா என்று கேட்பதில்லை, எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பேன். அதற்குப் பிறகுதான் நேரம், அளவு. கடைசியில் முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். அமெரிக்க வேளாண் துறை ஆய்வுகளுக்காக ஐந்து படியில் வகுத்த முறையை நம் வீட்டுப் பேச்சுக்கு மாற்றிக்கொண்டது இது. நாலு நிமிடத்தில் முடியாது, அரை மணி நேரம் ஆகும். அதோடு ஒரே ஒரு நாளை வைத்து எதையும் தீர்மானிப்பதில்லை. விட்டு விட்டு மூன்று நாள், அதில் ஒன்று ஞாயிற்றுக்கிழமை. பிரியாணி ஞாயிறன்றுதானே.

வியாசர்பாடி:

அக்கா, நான் ஒரு ஆராய்ச்சிக்காகப் பேர் கொடுத்திருந்தேன், எடை 91 கிலோ. எனக்கு இரண்டு விதமாகக் கேட்டார்கள்.

முதலில் நீளமான பட்டியல். ஒவ்வொரு உணவும் போன மாதம் எத்தனை தடவை, எவ்வளவு? அந்த மாதம் எனக்கு மசக்கை. முதல் இரண்டு வாரம் வாந்தி, மோர் மட்டும்தான் இறங்கியது. அடுத்த இரண்டு வாரம் கண்டதையும் சாப்பிட்டேன். இதற்குச் சராசரி என்ன சொல்வது? மே மாதம் வேறு, தினமும் மாம்பழம். அதையே நவம்பரில் கேட்டிருந்தால் மாம்பழம் பூஜ்ஜியம். எங்கள் தெருப் பக்கம் விற்கும் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாரம் இரண்டு தடவை சாப்பிடுவேன், பட்டியலில் அது இல்லவே இல்லை. "நூடுல்ஸ்ல போட்டுக்கலாமா?" என்றார் அந்தப் பெண். வறுத்த வெங்காயமும் பேஜோ என்ற பொரித்த மொறுமொறுப்பும் எண்ணெயுமாக இருக்கும் அத்தோவை அதில் போட்டால் எப்படிச் சரியாக வரும்?

அப்புறம் சின்னத் தராசு ஒன்று கொடுத்து மூன்று நாள் எல்லாவற்றையும் எடை போட்டு எழுதச் சொன்னார்கள். இதுதான் சரியான முறை என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், அந்த மூன்று நாளும் நான் அடை செய்யவில்லை, அவியல் செய்யவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்துப் போட யாரால் முடியும்? தயிர் சாதமும் ஊறுகாயும்தான். தராசு சரியாகத்தான் காட்டியது. ஆனால் அது என் வழக்கமான சாப்பாடு இல்லை. அதை அவர்களிடம் சொல்லவும் செய்தேன், எழுதிக்கொண்டார்கள்.

அண்ணா நகர், டயட்டீஷியன்:

நீங்கள் சொன்னது மிக முக்கியம்மா. அதனால்தான் எந்த முறையும் தனியாக நின்று சரி ஆகிவிடாது. பட்டியல் அந்த ஊர்க்காரர்களின் உணவை வைத்து எழுதப்பட வேண்டும். சென்னையில் க்யூர்ஸ் என்ற பெரிய மக்கள் நல ஆய்வுக்காக உருவாக்கிய படிவத்தில் 222 உணவுகள் உண்டு. அதை அப்படியே நம்பிவிடாமல், பலமுறை கேட்டு எழுதிய 24 மணி நேரச் சாப்பாட்டுக் கணக்கோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். அது பொதுவாகப் பெரியவர்களுக்கானது. மசக்கை மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் ஒரே கேள்வி போதாது, கர்ப்பிணிகளுக்குத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அம்பத்தூர், கர்ப்பிணி மகளின் அம்மா:

என் பெண்ணுக்கு இது ஏழாவது மாதம். போன வாரம் டயட்டீஷியன் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவள் வாயைத் திறப்பதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன். "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறா டாக்டர்" என்று வேறு சொன்னேன். நான் தினமும் பாலில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டு இரண்டு வேளை கொடுக்கிறேன், அதைச் சொல்லவில்லை. அது எனக்கு உணவாகத் தோன்றவில்லை, மருந்து கொடுப்பது மாதிரிதான் தோன்றியது. இதையெல்லாம் படித்ததும் அவளிடம் போய்ச் சொன்னேன். அடுத்த தடவை நான் வெளியே உட்காருகிறேன்.

பெரம்பூர், எட்டு மாதக் குழந்தையின் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. எனக்குக் காலில் வீக்கம் இருந்தது, கொலுசைக் கழற்றி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

டயட்டீஷியன் அக்கா அளவைப் பற்றி எழுதியதும் எழுந்து போய் எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டியில் தண்ணீர் ஊற்றி, குழந்தையின் பால் பாட்டிலில் அளந்தேன். 90 மில்லி. அன்னக்கரண்டியில் சாதத்தைக் குவித்து எடுத்தால், அன்று நான் சொன்ன "ஒரு கப்" மூன்று கரண்டி. பக்கத்து வீட்டில் குழம்புக் கரண்டி வாங்கி அதையும் அளந்தேன், 60 மில்லிதான். நாங்கள் இருவரும் படிவத்தில் "ஒரு கரண்டி" என்றுதான் சொல்லியிருப்போம்.

என் தம்பி மனைவிக்கு நாலாவது மாதம், அவளும் என்னைப் போலத்தான், 80 கிலோ. நாளை முதல் தடவையாக டயட்டீஷியனைப் பார்க்கப் போகிறாள், நானும் துணைக்குப் போகிறேன். அவளுடைய காபி டம்ளரையும் சாதக் கிண்ணத்தையும் குழம்புக் கரண்டியையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வாசல் பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பேர் கூப்பிட்டதும் பையை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே இருப்பேன்.