கல்வெட்டு அடிக்கறதுக்கு முன்னாடி கேப்டன்கள் பேரயும் சேருங்க

எல்லாருக்கும் வணக்கம். நம்ம ஃபுட்பால் கிளப்புக்கு புதுசா கட்டுற ரூம் வாசல்ல பதிக்கப்போற கல்வெட்டுல என்னென்ன வரணும்னு தலைவர் அண்ணன் நேத்து அனுப்பியிருந்தாரு. நன்கொடை குடுத்தவங்க பேரு, அடிக்கல் நாட்டுனவங்க பேரு எல்லாம் இருக்கு, சரிதான், ஆனா கேப்டனா இருந்தவங்க ஒருத்தர் பேருகூட இல்ல. ராத்திரி பூரா தூக்கமே வரல, அதான் டூட்டி முடிஞ்சு வந்த கையோட எழுதறேன்.

சின்னவங்களுக்கு தெரியாது, அப்ப நமக்கு கிரவுண்டே கெடையாது. தை, மாசில சம்பா அறுப்பு முடிஞ்சாதான் பந்த வெளிய எடுப்போம், ஜூன் 12 மேட்டூர் தொறந்து பாமினி ஆத்துல தண்ணி வந்துட்டா மறுபடி பரண்ல ஏத்திடணும். ஆடுனது கீழத்தெரு பெரியப்பாவோட அஞ்சு மா வயல்ல. அவருதான் அப்ப கேப்டன். நம்ம பக்கம் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கறப்பவே, ஈரம் காயறதுக்குள்ள, நிக்கிற கதிருக்குள்ளயே உளுந்து தெளிச்சிடுவோம்ல, அவரு மட்டும் அந்த அஞ்சு மாவுல தெளிக்க மாட்டாரு. சுத்தி எங்க பாத்தாலும் பச்சையா உளுந்து நிக்கும், நடுவுல அது மட்டும் வெறும் தாளா காஞ்சு கெடக்கும். உளுந்துக் காசுன்னா ஒரு வீட்டுக்கு என்னன்னு டெல்டாக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பெரியம்மா அத ஒரு நாளும் எங்ககிட்ட சொல்லிக் காட்டுனதில்ல. தாளு கால குத்தும்னு விடியக்காலமே மம்முட்டியோட போயி பெரியப்பா ஒத்த ஆளா செதுக்கிட்டு இருப்பாரு.

நடு வரப்ப வெட்டிட்டுதான் ஆடுவோம். அதனால வைகாசி கடைசில ஆடுன பயலுவோ அத்தன பேரும் வந்து வரப்ப அணைச்சு அண்ட வெட்டிக் குடுத்துட்டுத்தான் போவணும், அது அவரு வச்ச சட்டம். இப்ப பஞ்சாயத்துல கிரவுண்டு குடுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த வயல்ல யாரும் ஆடறதில்ல, ஆனா போன தடவ லீவுல போனப்ப பாக்கறேன், ஒரு பதினாலு பதினஞ்சு பசங்க அதே வயல்ல அண்ட வெட்டிக்கிட்டு இருக்கானுவோ. ஏன்டா தம்பின்னு கேட்டா கிளப் வழக்கம்ணேங்கறானுவோ. யாரு வச்ச வழக்கம்னு ஒருத்தனுக்கும் தெரியல.

அவருக்கு அப்பறம் வந்தவரு சைக்கிள் கடை அண்ணன். பிளாடர் ஓட்ட ஆனா பஞ்சர் சொல்யூஷன் வச்சு ஒட்டி, தோல் பந்த அவரே ஊசி போட்டு தச்சுடுவாரு, அதெல்லாம் நெறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். ஆனா குடத்தப் பத்தி யாரும் பேசறதில்ல. அவரு கேப்டன் ஆகற வரைக்கும் காலனி பசங்களுக்கு தனி சொம்புதான். இவரு வந்த மொத நாளே அந்த சொம்ப எடுத்துட்டாரு, ஒரே குடம், ஒரே டம்ளரு, மொதல்ல அவனுவோ குடிக்கட்டும் அப்பறம் நானுன்னாரு. அதுக்காக ரெண்டு மூணு வீட்டுல புள்ளைங்கள ஆட அனுப்பாம நிறுத்திட்டாங்க, ஆளு பத்தாமயே அந்த வருஷம் செவன்ஸ் (டீமுக்கு ஏழு பேர் ஆடற மேட்ச்) ஆடுனோம், தோத்தோம், அவரு அசரல. நான் பொறந்ததுலேர்ந்து நம்ம ஊர்ல நடந்த பெரிய காரியம் அதுதான், இத யார் முன்னாடியும் சொல்லுவேன்.

சிங்கப்பூர் மாமாகிட்ட 1977ன்னு சொன்னா போதும், சிங்கப்பூர் டீம் பெனாங்க 3-2ல ஜெயிச்சு மலேசியா கப் தூக்குன கதைய ஆரம்பிச்சுடுவாரு, கேப்டன் சமது அல்லாப்பிச்சை எப்படி நின்னு தடுத்தாருன்னு கண்ணு கலங்க சொல்லுவாரு. ஒரு ஊரு அதோட கேப்டன அப்படி வச்சிருக்கு. நம்மகிட்ட இருந்த ரெண்டு குரூப் போட்டோவும் 2018 நவம்பர்ல கஜா புயல் ஓட்டப் பிரிச்சுப் போட்டப்ப மழைல நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. நான்தான் பிரிக்கப் பாத்தேன், மூஞ்சியெல்லாம் கண்ணாடியோடயே வந்துடுச்சு.

தலைவர் அண்ணே, கல்லு வேலைக்கு குடுக்கறத ஒரு பதினஞ்சு நாள் தள்ளிப் போடுங்க. கூட சேர்ற எழுத்துக்கு ஆகற காச நான் தர்றேன். குவைத், துபாய், சிங்கப்பூர்ல இருக்கறவங்க வீட்டு ஆல்பத்துல பழைய டீம் போட்டோ எதாவது இருந்தா போன்ல புடிச்சு அனுப்புங்க, யாரு எங்க நிக்கிறாங்கன்னு எடதுலேர்ந்து வரிசையா எழுதிடுங்க. இனிஷியல் மறந்துடாதீங்க, நம்ம ஊர்ல ஒரே பேர்ல மூணு பேர் இருக்காங்க.